பிசிறடித்த சுரம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்லா யான்கோவ்ஸ்கி டிராம்போன் என்ற பித்தளைக் குழலை ஊதிப் பிழைத்தாள். "உன் மகள் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று யாராவது கேட்டால், அவள் அம்மா பேச்சைப் பனிப்பொழிவின் பக்கம் திருப்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் போல்கா நடன இசை, சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு காலை லூத்தரன் தேவாலயம், அது முடிந்ததும் கத்தோலிக்கத் தேவாலயம். கார் கடைத் திறப்பு விழாவில் தொத்திறைச்சி வேஷம் போட்டு ஊதியதும் உண்டு. அன்று மட்டும் அம்மா வந்து பார்த்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போக முடியாதவர் தன் நாற்காலிக்குத் தானே ஓர் ஆளை அனுப்பிவைக்க வேண்டும். ஊரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதல் அழைப்பு மார்லாவுக்குத்தான். தன் வாசிப்புக்குக் கிடைத்த மரியாதை அது என்று அவள் நம்பியிருந்தாள். ஆனால் அவள் ஆசைப்பட்டது சொந்தமாக, நிரந்தரமாக ஒரு நாற்காலிக்கு.

கர்ட் ஸீபெல்லுக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது அதற்கு வழி பிறந்தது. அவன் நாடக அரங்கின் டிராம்போன்காரன்; தனக்குப் பதிலாக மார்லாவை அனுப்பினான். அங்கே வாத்தியக்காரர்களைப் பொறுக்கி எடுப்பவள் டோலரஸ். அவள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே, அண்டை வீட்டார் திட்டாதபடி காருக்குள் உட்கார்ந்து மார்லா பயிற்சி செய்தாள். மேலே ஏறும்போது எப்போதும் பிசிறடிக்கும் ஓர் உச்ச சுரம் அன்று அரங்கில் கண்ணாடிபோல் வந்தது. வயலின்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். வயலின்காரர்கள் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பது லேசில் நடக்கிற காரியமல்ல.

"உன்னப் பத்தி கர்ட்கிட்ட பேசணும்," என்றாள் டோலரஸ்.

அதன் பிறகு மார்லாவின் போன் வாயை மூடிக்கொண்டது. போல்கா இல்லை, கல்யாணம் இல்லை. தொத்திறைச்சி வேஷத்துக்குக்கூட வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மீன் வறுவல் விருந்தில் டிரம்பெட் ஊதும் தோழி ட்ரூடியிடம் போய்ப் புலம்பினாள்.

"உன்ன ஏன் எல்லாரும் கூப்புட்டாங்கன்னு நெனச்சே?"

"நல்லா வாசிக்கிறேன்னு."

"நல்லாத்தான் வாசிக்கிறே. ஆனா மேல ஏறுறப்ப ஒரு சுரம் பிசிறும் பாரு, அதாண்டி உன் சோறு." ட்ரூடி மீன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். "நீ போயிட்டு வந்தா, 'பழைய ஆளு எப்ப வருவாரு'ன்னு கேப்பாங்க. இப்ப எவன் உன்ன நம்பித் தன் நாற்காலிய விடுவான்?"

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா நீ?"

"சொல்லிருந்தா அழுதிருப்பே."

"டோலரஸ் பேசுறேன்னாங்களே."

"பேசிட்டாங்க. நீ வாசிச்சத கர்ட்கிட்டயே புகழ்ந்தாங்களாம். மறுநாளே அவன் முட்டி சரியாப் போச்சு."

ஈஸ்டர் வந்தது. ஊரில் ஒரு பித்தளைக் குழல்கூடச் சும்மா இருக்காத நாள் அது. லூத்தரன் தேவாலயத்தில் ஊதும் வெஸ்ஸுக்கு உதட்டில் கொப்புளம். வேறு ஆள் கிடைக்காமல் மார்லாவைக் கூப்பிட்டான். கூப்பிட்டவன் வீட்டில் இருந்திருக்கலாம். உதட்டில் களிம்பும் பக்கத்தில் மனைவியுமாகக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, அவள் இழுத்துத் தள்ளும் குழலையே பார்த்துக்கொண்டிருந்தான். உயிர்த்தெழுந்தவரை அவன் நினைத்ததாகத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டு மேலே ஏறியது. அந்தச் சுரம் அவள் உதட்டில் தயாராக இருந்தது. மார்லா வெஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். சுரம் பிசிறடித்தது.

வாசலில் வெஸ் அவளைக் கட்டிக்கொண்டான். "பிரமாதம் மார்லா, பிரமாதம்," என்றான். அவன் முகத்தில்தான் உண்மையான ஈஸ்டர் ஒளி இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவள் குழலுக்குள் சேர்ந்த எச்சில் நீரை வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கர்ட். சுரம் பிசிறியதை வெஸ் அதற்குள் அவனிடம் சொல்லிவிட்டிருந்தான்.

"முட்டி மறுபடியும் புடிச்சிக்கிச்சு. ஒரு வாரம் எனக்குப் பதிலா போறியா மார்லா?"

"டோலரஸ் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. ஏன்?"

"சும்மா கேட்டேன்," என்றாள், உதட்டை இறுக்கிப் பார்த்தபடி.