ஈரோட்டு முடிச்சு

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, நான் ஈரோட்டைக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நான் மாங்காய்ப் பத்தையும் நெல்லிக்காயும் விற்கிறவள். அந்தப் பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டைக் காட்டவேண்டும் என்று செல்வி டீச்சர் ஒரு வேலை செய்தார். வராந்தா தரையில் சாக்பீஸால் பெரிதாகத் தமிழ்நாடு. ஊருக்கு ஒரு பேப்பர் கப், அதன்மேல் பெயர். தஞ்சாவூர் கப்பில் நெல், சேலத்தில் ஜவ்வரிசி, ராமநாதபுரத்தில் குண்டு மிளகாய், ஈரோட்டில் மஞ்சள்... சென்னை கப்பில் என்ன போட்டார்கள் என்கிறீர்களா? ஒரு பொம்மைக் கப்பல்! இங்கே வேறு என்ன விளைகிறது, சொல்லுங்கள்?

கடல்காற்று ஒன்று வீசியது. கப்பெல்லாம் கவிழ்ந்து உருண்டது. டீச்சர் ஆபீஸ் ரூமில். பிள்ளைகள் பிரேயரில். சரி, நமக்குத் தெரிந்த ஊர்கள்தானே என்று நானே பொறுக்கி எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்த கூட்டத்தில் பாத்திமாதான் முதலில் பார்த்தாள். அந்த வகுப்பிலேயே வாய் நீளமானவள்.

"இன்னா ஆயா, ஈரோட்ட இஸ்துகினு வந்து கடலாண்ட குந்த வெச்சிகீற!"

"மஞ்சளுக்குப் பக்கத்துல மொளகாதான்டி. எனுக்குத் தெரியாதா?"

"ஈரோட்டுக்கு பீச் வந்துட்ச்சி டோய்!"

வராந்தாவே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் நான் சொன்னது பொய் இல்லை.

முப்பது வருஷம் யானைக்கவுனிப் பக்கம் ஒரு மளிகை குடோனில் வேலை பார்த்தவள் நான். மூட்டை பிரிப்பது, கிழிந்த சாக்கைத் தைப்பது. அங்கே பொள்ளாச்சி வாசல் ஓரம் இருந்தது — கொப்பரைக்குக் காற்று வேண்டுமே. சேலம் நடுவில், கூரை முட்ட. ஈரோடு உள்சுவரை ஒட்டி, அதற்கு அடுத்து ராமநாதபுரம். என் தமிழ்நாடு அதுதான். நாலடி நடந்தால் அடுத்த ஊர்!

எழுத்துப் பழகியதும் அங்கேதான். சாக்கின்மேல் மையால் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். 'ஈ' என்ற எழுத்தை நான் மஞ்சள் மூட்டையில்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அந்த எழுத்தை எழுதும்போது மூக்கில் மஞ்சள் ஏறும்.

ஆனால் ஈரோட்டின்மேல் எனக்கு இருந்த ஆசை அதனால் இல்லை. மற்ற ஊர் மூட்டையெல்லாம் வாயைத் தைத்து, ஓரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டு வரும். கத்தி வேண்டும். சணல் விரலை அறுக்கும். ஈரோட்டு மூட்டையில் மட்டும், மூலையில் சணலை வளைத்துச் சின்னதாக ஒரு காதுபோல விட்டு முடிந்திருப்பார்கள். அந்தக் காதைப் பிடித்து ஒரே இழுப்பு... சரசரவென்று மொத்த வாயும் திறந்துகொள்ளும்.

முகம் தெரியாத யாரோ ஒருத்தி என் விரலை நினைத்துத் தைக்கிறாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. கட்டினவன்கூட என் விரலை அப்படி நினைத்ததில்லை! ஒரு நாள், ஒரே ஒரு நாள், அங்கே போய் அவளைப் பார்த்துவிடவேண்டும்... வருஷம் போனதுதான் மிச்சம். அதுவரை நான் செங்கல்பட்டைத் தாண்டினதில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஈரோடு டூர். மஞ்சள் மண்டி பார்க்க. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு பொம்பளை வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். நான் முந்திக்கொண்டு கை தூக்கியிருந்தேன். இப்போது வராந்தாவில் இந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவங்களா துணைக்குப் போறாங்க? ஈரோடு எங்க இருக்குன்னே தெரியலையே!"

இத்தனை வருஷ ஆசை ஒரு பேப்பர் கப்பில் கவிழ்ந்துவிட்டதே!

டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "தெரியாதவங்களத்தானே சார் டூர் கூட்டிட்டுப் போறோம்?"

ஹெட்மாஸ்டர் திரும்பிப் போய்விட்டார். சனிக்கிழமை நானும் ஈரோடு போய்ச் சேர்ந்தேன்.

மண்டியில் மலை மலையாக மஞ்சள். பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்க ஓடினார்கள். நான் மூட்டை தைக்கிற பக்கம் போனேன். என்னைவிட நாலைந்து வயது குறைந்த ஒரு பெண், பெயர் பழனாத்தா, கோணி ஊசியால் ஒரு வாயைத் தைத்து முடித்தாள். மூலையில் காது விட்டாள். அதே காது!

"ஏம்மா... இந்தக் காத எதுக்கு வுடற?"

"ஏனுங்கக்கா, தப்புங்களா?"

"தப்பில்லம்மா. முப்பது வருசம் இத்த இஸ்துப் பிரிச்சவ நானு. மெட்ராசுல."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சாக்கு கிழியாம திரும்பி வரோணுமுங்க. அப்பத்தான் மறுக்கா ஆகும். இங்க எல்லாருமே இப்படித்தானுங்க தைப்போம்."

சாக்குக்காகவாம்! என் விரலுக்காக இல்லையாம்!

"இன்னா ஆயா, மூஞ்சி தொங்கிப்பூட்ச்சி?" என்றாள் பாத்திமா. அவளும் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். முப்பது வருஷத்தை ஒரு நிமிஷத்தில் விழுங்கவேண்டுமென்றால் சும்மாவா?

பழனாத்தா என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் பழைய சணல் தழும்பு. தன் விரலையும் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் அதே கோடு. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, எங்க மூட்டை போற ஊருல கடல் இருக்குதுங்களாமா?"

அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னை எங்கே பேசவிட்டார்கள்?

"கடலாண்டதான்க்கா எங்க வூடே!"

"கப்பலு வந்து நிக்கும்க்கா, பில்டிங் மாரி!"

"சில நாளு நாறும்க்கா... ஒரே கலீஜா கீது!"

"டேய், நீ குளிச்சா ஏன் கடலு நாறாது?"

அத்தனையையும் அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். நாறும் என்றதைக்கூட. கடைசியில், "எத்தனையோ மூட்டை போயிருக்குதுங்க... நாந்தான் போகலைங்க" என்றாள்.

"வாம்மா. என் வூட்டாண்டதான் கடலு. ஒரு பத்து நாளு இரு" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டையைக் காலுக்கிடையே இழுத்துக்கொண்டாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

ஊரைக் காட்டப் பிள்ளைகளுக்கு டூர் வைக்கிறார்கள். நல்ல காரியம். அந்தச் சாக்கில் நானும் பார்த்துவிட்டேன்.

பழனாத்தாவை எந்தப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு வரும்?