இடப்பக்க சீட்டில் நான்

எங்கள் தோசைக் கடைக்குச் சக்கரம் வைத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கடை என்றால் ஒரு ட்ரெய்லர்தான். உள்ளே அடுப்பு, தோசைக்கல், தண்ணீர் டிரம். அதைக் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி, தின்கன்ஜூன் பேட்டையில் சாயங்காலக் கடை போடும் திடலுக்கு இழுத்துப் போவோம். இழுப்பது பெரிதில்லை. எங்களுக்குக் கொடுத்த இடத்தில் ரிவர்ஸில் நுழைப்பதுதான் உயிரை வாங்கும். ஒரு பக்கம் டீக்கடை, பின்னால் செங்கல் சுவர். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலது பக்கம் போகும். "சொன்ன பேச்சு கேக்காத ஜென்மம்" என்று என் வீட்டுக்காரர் அதைத் திட்டும்போது நான் அவரையே பார்ப்பேன்.

எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பர்மாவில் வண்டிகள் ஓடுவது சாலையின் வலப்பக்கம். ஜப்பானிலிருந்து வந்த எங்கள் பழைய காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் "போங்க, போங்க, இருங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்குத் தலைவலி. "எதிர்ல வண்டி வந்தா மட்டும் 'இருங்க'ன்னு சொல்லு, போதும்" என்றார். அதுவே எங்கள் சட்டமாயிற்று. நான் பேசாமலிருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்குத் திடலில் கரண்ட் இல்லை. கடைக்கொரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது. பாதி தூரத்தில் வால் என் பக்கம் திரும்பிற்று. "இருங்க!" என்றேன். வந்துகொண்டே இருந்தது. "ஐயோ, இருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. ட்ரெய்லரின் மூலை என் விலாவில் வந்து அழுத்தியது, முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

டீக்கடைக்காரர் பர்மியில் கூச்சல் போட்டுக்கொண்டே ஓடி, காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அறைந்தார். அப்புறம்தான் வண்டி நின்றது, ஓரடி முன்னால் போயிற்று. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்தார். மூச்சு வந்ததும் எனக்கு ஆத்திரமும் வந்தது. "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு உங்களுக்கு?" என்றேன். முதுகில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், அது வேறு விஷயம்.

அவர் என் பக்கத்தில் குந்தினார். "ட்ரெய்லர் மறைச்சிருச்சு, நீ நிக்கிறதே தெரியல. உன் சத்தமும் வரல. நீ ஒண்ணும் சொல்லலன்னா வழி இருக்குன்னுதானே அர்த்தம்? இருவது வருசமா அப்படித்தானே ஓட்டுறேன்?"

அடுத்த திட்டுக்கு வாயைத் திறந்தபோதுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

கியாக்தான் ஊர்க் கடைகளுக்கு வாராவாரம் அப்பளம் போட்டு வந்த காலத்தில், அந்தக் குறுகலான ரோட்டில் எத்தனை லாரிகளைத் தாண்டியிருப்போம்! பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். விடியுமுன் எழுந்து அப்பளம் கட்டிய அலுப்பு எனக்கு. திரும்பி வரும்போது வெயிலுக்குத் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்தபடியே தூங்கிவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. நான் தூங்குவது அவருக்குத் தெரியும், பார்த்துத்தான் ஓட்டுகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"உன்ன நம்பித்தானே புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஓட்டினேன். ஒரு கீறல் படாம கொண்டாந்து சேத்தவ நீ. உனக்குப் போயி இப்படிப் பண்ணிட்டேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அழுதுவிட்டேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, அவர் டீக்கடைக்கு வெந்நீர் வாங்க ஓடினார்.