அருளப்பன் சாரின் சர்வர் பட்டியல்

புதன்கிழமை காலை நம் சர்வர் பட்டியல் வெறுமையாகிவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அரியலூரில் அருளப்பன் சாருக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "என்ன சார், கம்ப்யூட்டரை அணைச்சிட்டுத் தூங்குறீங்களா?" என்று கத்தினேன். எடுத்தவர் அவர் மனைவி பிலோமினா அக்கா. "விடியக்காலைல நெஞ்சு வலி வந்து போயிட்டாருங்க தம்பி. ஐஸ் பொட்டிக்கு பிளக் இல்லேன்னு அதக் கழட்டிட்டாங்க" என்றார். கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நண்பர்களே, உங்களுக்கே தெரியும். நம் பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டை அதைச் செய்த கம்பெனியே கைகழுவியது. நம்மில் சிலர் சொந்தமாக நடத்தும் சர்வர்களில் எதில் ஆட்டம் நடக்கிறது என்று காட்டும் பட்டியலையும் மூடிவிட்டார்கள். பள்ளி ஆய்வக உதவியாளரான சார்தான் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினார். அது ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுக் காட்டும். நாம் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க அவர் வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழி கிடையாது.

நிறைந்த சர்வரை மட்டும் அது காட்டாது. "எடமில்லாத பஸ்ஸக் காட்டி என்னங்க பண்றது? வயித்தெரிச்சல்தான்" என்பார். ஒரு ஞாயிறு என் சர்வர் முதல்முறையாக நிறைந்தது. பட்டியலில் காணாமல் போனது. சர்வர் படுத்துவிட்டது என்று நினைத்து நிறுத்தி மறுபடி போட்டேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள், மறுபடி காணோம். இப்படி மூன்று முறை உங்களைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளியவன் நான்தான். மன்னித்துவிடுங்கள்.

ஆட்டத்தில் சார் படு மோசம். எதிரி எதிரே வந்தால் சுடாமல், "வாங்க, சாப்ட்டாச்சா?" என்று டைப் அடிப்பார். பதிலுக்குக் குண்டு வரும். திட்டினால், "வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம எப்படிங்க சுடறது?" என்று நம்மையே கேட்பார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். அதுவரை பட்டியல் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தோம். துக்க வீட்டில் கம்ப்யூட்டரைக் கேட்க நாக்கு எழவில்லை. அக்காவே, "அதத் தூக்கிட்டுப் போகத்தான முழிக்கிறீங்க? தரமாட்டேன். மாட்டிக் குடுங்க, இங்கயே ஓடட்டும்" என்றார். மாட்டினேன். எண்களைக் காட்டி, இத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது சாயங்காலமானால் போன் வருகிறது. "தம்பி, எல்லாம் சைபராவே கெடக்கு. போய் உக்காருங்க." போகிறேன். அடுத்த நிமிடம் மறுபடி போன்: "ஒன்னு வந்துருச்சு. அது நீங்கதான?"

"நான்தான்க்கா."

"சரி, இருங்க" என்று வைத்துவிடுகிறார். சார் எனக்கு விட்டுப்போனது இதுதான்: நான் இருக்கிறேனா என்று தினமும் பார்க்க ஓர் ஆள்.