ஏற்றத்தில் உட்காருவது

எங்கள் பக்கம் சைக்கிள் ஏற்றத்தில் தள்ளுவதற்கு. இறக்கத்தில் உட்காருவதற்கு. நான் முப்பது வருடமாக அப்படித்தான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து மேலே தார் ரோட்டுக்கு ஒரே ஏற்றம். அங்கேதான் பால் சேர்க்கும் இடம். காலை ஆறரைக்குள் பாலோடு போய்ச் சேர வேண்டும். லொறி போய்விட்டால் பாலை நாமே குடிக்க வேண்டியதுதான்.

இடது முழங்கால் போன வருடம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தள்ளி முடிக்குமுன் மூன்று இடத்தில் நின்றேன். இரண்டு முறை லொறி போய்விட்டது.

வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்.

"மாட்ட குடுத்துருவோங்க. மேல் டிவிசன்காரரு கேட்டுக்கிட்டு இருக்காரு."

"பாப்போம்."

"என்னத்தப் பாக்கிறது? ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன். அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்தது."

ஆக எனக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தது நான். இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.

பொகவந்தலாவை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நானாவிடம் போனேன். சாதாரண சைக்கிளில் மாட்டுகிற கரண்டு மோட்டார் ஒன்று கொழும்பிலிருந்து அவரிடம் வந்திருந்தது. மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. பார்த்தால் அலுமினியச் சட்டி மாதிரி.

"முன்னுக்கா பின்னுக்கா அண்ணே?" என்றார் நானா.

"எது நல்லது?"

"ஒங்க மலைக்கு பின்னுக்குத்தான். முன்னுக்குப் போட்டா சும்மா சுத்தும்."

மோட்டாரை மாட்ட ஒரு பகல் ஆனது. பழைய பின் சக்கரத்தைக் கழற்றினோம். புதுச் சக்கரத்தின் அச்சு பெரிது, அது உட்காரும் பிரேம் பொந்தில் இறங்கவில்லை. நான் அரத்தை எடுத்து அச்சை ராவப் போனேன். நானா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அச்சத் தொடாதீங்க. பொந்த ராவுங்க. அச்சு தேஞ்சா சக்கரம் நிக்கும், அச்சு சுத்தும், வயரெல்லாம் அறுந்து போகும்."

பொந்தை ராவினேன். பிறகு பெற்றரியை நடு பாரில் கட்டினோம். வயரை பாரோடு சேர்த்து இறுக்கினோம். வலது கைப்பிடியைக் கழற்றிவிட்டு முறுக்குகிற பிடியை மாட்டினோம். நம் பக்கம் முறுக்கினால் ஓடும். விட்டால் நிற்கும். அவ்வளவுதான்.

"மொதல்ல தட்டையான ரோட்டுல ஓட்டிப் பழகுங்க" என்றார் நானா.

"தட்டையான ரோடு எங்க இருக்கு நானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்."

தோட்டத்து கிரவுண்டில் ஓட்டினேன். நன்றாக ஓடியது. நாலு சுற்றுச் சுற்றினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பால் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது வளைவுதான் பெரட்டுக் களம். வேலைக்குப் போகிறவர்கள் பேர் கொடுக்க அங்கே வந்து நிற்பார்கள். அந்த வளைவில் நான் எப்போதும் இறங்கித் தள்ளத் தொடங்குவேன். அன்றைக்கும் வளைவு வந்தது. இறங்கிவிட்டேன். நான் இறங்கவில்லை, கால் இறங்கியது.

சைக்கிளுக்கு வலது பக்கம் நின்றுதான் தள்ளுவேன். இடது கை கேனில், வலது கை பிடியில். ஏற்றத்துக்குத் தக்கபடி பிடியை இறுக்கினேன், அது முறுகியது. சைக்கிள் புறப்பட்டது. அது இழுக்க, நான் பின்னால் இழுத்தேன். இழுத்தால் பிடி இன்னும் முறுகும். முறுகினால் இன்னும் ஓடும். விட்டால் நின்றிருக்கும். பாலோடு போகிற சைக்கிளை எவன் விடுவான்? பெரட்டுக் களத்தை ஓட்டமாகவே கடந்தேன். ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போய்த்தான் நின்றோம்.

பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"மாமா, சைக்கிள் ஒங்கள மேய்க்கக் கூட்டிட்டுப் போகுதா?"

"கரண்டு பில்லு நீங்க கட்டுறீங்களா, அது கட்டுதா?"

கணக்கப்பிள்ளை பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வந்து கேனைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாதிதான் இருக்கு" என்றாள். திரும்பிப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

பாதிப் பாலோடு மேலே போனேன். பாலை அளக்கிற சிங்களத் தம்பி கேனுக்குள் எட்டிப் பார்த்து, "கிரி கோ?" என்றார். பால் எங்கே என்று கேட்கிறார். கீழே கையைக் காட்டினேன்.

அடுத்த நாளும் வளைவில் கால் இறங்கப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். அதற்குள் வரிசையிலிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். முறுக்கினேன். ஏறியது.

மூன்றாம் நாள் பெரட்டுக் களமே சொன்னது. "உக்காருங்க மாமா, உக்காருங்க." கல்யாண வீட்டில்கூட என்னை இத்தனை பேர் உட்காரச் சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்கச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாரம் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. லொறி ஒரு நாளும் தப்பவில்லை.

சொன்ன ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பெரட்டு கிடையாது, பால் உண்டு. கேனோடு ஏறிக்கொண்டிருந்தேன். அந்த வளைவில் மேல் டிவிசன்காரர் எதிரே இறங்கி வந்தார். தோளில் புதுக் கயிறு. மாட்டை விற்கிறவர்கள் கயிறு கொடுப்பதில்லை, வாங்குகிறவர்தான் கொண்டு வர வேண்டும்.

"என்னங்க, மாட்டப் பாக்கத்தான் வாரேன்" என்றார்.

"ஏத்தத்துல நிக்க ஏலாது" என்றேன். போய்விட்டேன். பொய் இல்லை. நின்று எடுத்தால் பெற்றரி சீக்கிரம் தீரும் என்று நானா சொல்லியிருந்தார்.

பாலைக் கொடுத்துவிட்டு அவசரப்படாமல் இறங்கி வந்தேன். லயத்து வாசலில் அவரைக் காணோம். தொழுவத்தைப் பார்த்தேன். மாடு நின்றது.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. டீ குடுத்தேன்" என்றாள். "நல்லாப் பால் ஊத்தி. குடுக்க மாட்டோம்னு வெளங்கிருச்சு போல, குடிச்சிட்டு அவரே கயித்தச் சுருட்டிட்டாரு."

பெற்றரியைக் கழற்றி சார்ஜில் போட்டேன். அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போனேன்.