மார்புக்கு ஒட்டிய சைக்கிள் ட்யூப்

நான் போகும் சிதம்பரம் பஸ் சேத்தியாத்தோப்பில் நிற்கிறது. கூச்சல் கேட்டு இறங்கி ஓடுகிறேன். சந்தையில் மாடு முட்டி ஒரு மாட்டு வியாபாரி கிடக்கிறார். மார்பில் ஓட்டை. மூச்சிழுக்கும்போதெல்லாம் அதன் வழியே காற்று சீறுகிறது. ரத்தம் நிற்கட்டும் என்று எவனோ அதில் காப்பித்தூள் வைக்க வருகிறான்.

"கைய எடுடா மடையா! நான் பட்டாளத்து டாக்டர்."

போன வருஷம் எல்லைச் சண்டையில், ஒன்றுமில்லாத கூடாரத்தில், ரப்பர் கையுறையை வெட்டி இப்படிப்பட்ட ஓட்டைகளை மூடினேன். இங்கே பஞ்சர் கடையாவது இருக்கிறது. சைக்கிள் ட்யூபை வெட்டிச் சோப்பால் கழுவி, ஓட்டையின் மேல் வைத்து, என் பையிலிருந்த பிளாஸ்திரியால் மூன்று பக்கம் மட்டும் ஒட்டுகிறேன். உள்ளே அடைபட்ட காற்று நாலாவது பக்கமாக வெளியேற வேண்டும்; வெளிக்காற்று உள்ளே புகக் கூடாது.

வியாபாரியின் மச்சான் அலறுகிறார். "யா அல்லா! மனுஷனுக்கா பஞ்சர் ஒட்டுறீங்க?"

"வாய மூடிக்கிட்டு ஒரு லாரியப் புடிய்யா!"

சீறல் நிற்கிறது. நீலம் பாரித்த உதடு சிவக்கிறது. வியாபாரி கண் திறக்கிறார்.

"மாட்ட வுட்டுட்டு இங்க என்னா மச்சான் அழுவுற?"

திட்ட மூச்சு வந்துவிட்டது! சிதம்பரம் ஆஸ்பத்திரி வரைக்கும் திட்டிக்கொண்டே வரட்டும்.