சிவப்புத் தொப்பி

சினிமாவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டவள் என் மகள்தான். பாகூரில் பஸ் ஏறி, பாண்டியில் மதியக் காட்சிக்குப் போனோம். போலீசும் அமைச்சரும் கூட்டுச் சேர்ந்து கொலைகளை மூடி மறைக்கிற படம். லாக்கப்பில் ஒருவனைப் போட்டு அடித்தார்கள். பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் இருந்தவர்கள் காக்கித் தொப்பி போட்டிருந்தார்கள். எங்கள் பாண்டிப் போலீசுக்குச் சிவப்புத் தொப்பி.

இரண்டு மாதத்துக்கு முன்பு, கட்சிக்காரர் ஒருவரின் லாரிகள் ஏரியில் மண் அள்ளுவதை மகள் போனில் வீடியோ எடுத்தாள். மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். யாரும் திட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர் மேசையில் ஒரு சிவப்புத் தொப்பி. உள்விளிம்பில் வியர்வைக் கறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஏட்டு சொன்னார்: "படிக்கிற பொண்ணு, உனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? அழிச்சிடு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அழிச்சிடுடி" என்றேன். அழித்தாள். அதன் பிறகு வீட்டில் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

இடைவேளையில் பாப்கார்னை என் மடியில் வைத்துவிட்டு, "ம்மா, அந்த வீடியோ இன்னும் இருக்கு" என்றாள்.

"என் கண்ணெதிரே அழிச்சியேடி."

"போன்லதான அழிச்சேன்! முன்னாடியே வேற எடத்துல ஏத்தி வெச்சிட்டேன். அந்த ஏட்டும் உன்ன மாதிரிதான், ஒண்ணும் தெரியல."

"இன்னா பண்ணப் போற?"

"பேப்பர்ல குடுக்கப் போறேன். வூட்ல சொன்னா அழுவ. அதான் இங்க கூட்டியாந்தேன்."

நான் அழவில்லை. பாப்கார்னைத் தின்றேன். உப்பு போட்டிருந்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. மீதிப் படத்தில் யார் செத்தார்கள், யார் பிடிபட்டார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றோம். சிக்னலில் ஒரு சிவப்புத் தொப்பி திரும்பி, எங்கள் பக்கம் கையைத் தூக்கியது. என் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிவிட்டன.

"ம்மா, டிராபிக்மா. வண்டிய நிறுத்துறாரு. வலிக்குது, வுடு."

விட முடியவில்லை. பஸ்ஸிலும் அப்படியே பிடித்திருந்தேன். எங்கே ஏற்றி வைத்திருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். தெரிந்தால், கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன்.

பாகூரில் இறங்கும்போது, "பேப்பர்ல எந்த நாள்ல வருதுன்னு முன்னாடியே சொல்லு. மறுபடி அந்த பெஞ்சுல உக்கார நான் ஆபீஸுக்கு லீவு போடணும்" என்றேன்.