கீழே ஊற்றிய ஐஸ் டீ

தேயிலைக் கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘நாக்கு’. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை அப்படித்தான் சொல்வார்கள். “நாக்கு வந்தாச்சா?” “நாக்கு என்ன சொல்லுது?” முப்பத்தோரு வருடமாக அவருடைய உத்தியோகம் டீயை ருசி பார்ப்பது. நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி அள்ளி, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, காலருகே இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். இதையே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தால் விரட்டி அடிப்பார்கள். அங்கே மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த நாக்கு கெட்டுவிடக் கூடாது என்று வீடே பத்தியம் காத்தது. பூண்டு கிடையாது. பச்சை வெங்காயம் கிடையாது. காரம் பேருக்கு. மனைவி பூண்டு என்றால் உயிரை விடுகிறவள்; கல்யாணமான முதல் வாரத்திலேயே அதை விட்டுவிட்டாள். “இந்த மனுஷனோட நாக்குக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவருக்கும் இதில் குறையொன்றும் தெரியவில்லை. விட்டுக்கொடுப்பது அவள் பாடு, பேர் வாங்குவது தன் பாடு என்று இருந்துவிட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் எல்லோரும் நாக்கு செத்துப்போச்சு என்பார்கள், நாலு நாளில் சரியாகிவிடும். இவருக்கு ஆகவில்லை. மூக்கும் போயிற்று, நாக்கும் போயிற்று. உப்பு மட்டும் லேசாக எட்டிப் பார்த்தது, சர்க்கரை எப்போதாவது. டீ என்பது சூடான தண்ணீர், அவ்வளவுதான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. முப்பத்தோரு வருடப் பழக்கம் கண்ணுக்கும் உண்டு. நிறத்தைப் பார்ப்பார், வெந்த இலை எப்படி விரிந்திருக்கிறது என்று பார்ப்பார், தனக்கு முன்னால் உறிஞ்சிய எதிர் மேசைக்காரரின் புருவத்தைப் பார்ப்பார். அப்புறம் எப்போதும்போல் சர்ரென்று உறிஞ்சித் துப்பித் தீர்ப்புச் சொல்வார். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிற பிழைப்பு, அதுவும் ஐம்பத்தாறு வயதில். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். நாக்கு இல்லாத நாக்கை யார் மதிப்பார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

இந்த லட்சணத்தில்தான் மகளின் நச்சரிப்பு தாங்காமல் மூன்று நாள் தீம் பார்க்குக்குக் கிளம்பினார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது. தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை, வீட்டில் அவள் பெயர் வாலு. தலைகீழாகத் தொங்கவிடும் எந்த ராட்டினத்தையும் வாலு விட்டுவைக்கவில்லை. இவர் கீழே நின்று பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தார். மனைவிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“எங்கயாவது நல்ல ஐஸ் டீ கிடைக்குமாங்க? நிஜமா இலை போட்டுச் செஞ்சது. பாட்டில்ல அடைச்ச சர்க்கரைத் தண்ணி வேண்டாம்.”

சின்ன ஆசைதான். ஆனால் அந்த இடத்தில் தண்ணீர்கூட மெஷினிலிருந்துதான் வந்தது. முதல் நாள் நீர்ச்சறுக்கு பக்கத்தில் ஒரு கடை; பையன் ஒரு கைப்பிடியை இழுக்க, பழுப்பு நிறத்தில் பாகு கொட்டியது. இரண்டாம் நாள் ஓட்டலில் கேட்டால் எலுமிச்சைப் பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது கடையில் தகர டப்பா. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, மிச்சத்தை அவரிடம் நீட்டுவாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவார். முன்பெல்லாம் இப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் பிரசங்கம் நடக்கும். மனைவி அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், குட்டி ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால், மரத்தடியில் அந்தக் கடை தென்பட்டது. கடை என்றால் சக்கரம் வைத்த ஒரு மேசை, பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ். பலகையில் கையால் எழுதியிருந்தது: ‘இலை போட்டுத் தயாரித்த ஐஸ் டீ. தினமும் புதிது.’ பார்க்கின் மஞ்சள் தொப்பி போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். அப்படியே நின்றாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“இதைத்தாங்க தேடிட்டிருந்தேன்” என்றாள்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வாலுவுக்கு வாய் சும்மா இருக்குமா? “ஆன்ட்டி, எங்கப்பா யாரு தெரியுமா? டீ கம்பெனில டேஸ்டர். அவர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நீங்க போர்டுலயே எழுதி வச்சுக்கலாம்” என்றாள். கடைக்காரப் பெண் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸ் ஊற்றி அவரிடம் நீட்டினாள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர், “அப்ப நீங்க சொல்லுங்க சார், வாங்கலாமா வேண்டாமா?” என்று கேட்டார்.

இங்கே எதிர் மேசைக்காரர் இல்லை, அவருடைய புருவமும் இல்லை. மனைவியின் முகம் இருந்தது; ஆனால் அவள் சொன்னதையே திருப்பிச் சொல்ல ஒரு நிபுணர் எதற்கு? நல்லா இருக்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். குறை சொல்பவனைத்தான் உலகம் விஷயம் தெரிந்தவன் என்கிறது. அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொதிக்கவைத்து இறக்கிய டீயில் ஐஸைப் போட்டால் கலங்கலாகிவிடும். இது பளிச்சென்று தெளிவாக இருந்தது. கடையில் அடுப்பு இல்லை, கொதிக்கவைக்கும் பாத்திரமும் இல்லை. சொல்லத் தேடிய குறை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

சர்ரென்று உறிஞ்சினார். வாய்க்குள் சுற்றவிட்டு, ஒரு காகிதக் கப்பில் துப்பினார்.

“இது பொடி” என்றார். “இலையைக் கண்ணால பார்த்ததே இல்ல இந்த டீ.”

“ஐயோ, இல்ல சார். ராத்திரியே இலையைப் பச்சைத் தண்ணில ஊறப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுவேன். காலையில வடிகட்டுறதுதான்.”

“முப்பத்தோரு வருஷமா இதே வேலைம்மா எனக்கு. என்கிட்டயே கதை விடாதீங்க.”

வாய் கூசாமல் சொன்னார். அந்த நேரம் பார்த்து இடுப்பில் வயர்லெஸ்ஸோடு மேற்பார்வையாளர் அந்த வழியாக வந்தார். என்ன என்று விசாரித்தார். இவர் தன் கம்பெனி விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். கார்டைப் படித்த மேற்பார்வையாளரின் முகம் மாறியது. “இலைன்னு போர்டு வச்சுட்டுப் பொடியைக் கலந்தா பேர் கெட்டுப்போயிடும்மா. இருக்கறதைக் கொட்டிட்டு, கடையைப் பூட்டிட்டு ஆபீஸுக்கு வாங்க” என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் மனைவியின் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்கள். அதில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவள் கணவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மரத்தடியில் கிளாஸைச் சாய்த்தாள்.

“அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

வரிசை கலைந்தது. மூன்று பேரும் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். வாலு கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா அதுல டீ வாசனை வந்துச்சேப்பா” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது அவருக்கு. கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார்.

கழிப்பறைக்குப் போகும் வழி அந்தக் கடைக்குப் பின்புறமாகத்தான் போயிற்று. கடைக்காரப் பெண் குப்பைத் தொட்டி முன் குந்தி உட்கார்ந்து, பெரிய வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் ஊறிய இலை, குவியலாக. அவர் குனிந்து ஒரு பிடி எடுத்தார். முழு இலை. ஒன்றுபோல விரிந்து, செம்புக் காசு நிறத்தில். முகர்ந்து பார்த்தார், வெறும் ஈரம்தான். ஆனால் கண் பொய் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்த டீ கலங்காது. இது அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எத்தனையோ தடவை இவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவர் உண்மையைத் தேடவில்லை, தப்பிக்க ஒரு காரணம் தேடினார். அதனால் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே சார். பொடின்னு ஏன் சொன்னீங்க?”

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கையில் இலையோடு நின்றார்.

“எனக்கு ருசியே தெரியாதும்மா” என்றார். “அஞ்சு மாசமா நாக்கு போயிடுச்சு. மூக்கும் இல்ல. நீங்க குடுத்தது டீயா தண்ணியான்னுகூட எனக்குத் தெரியல.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பரிதாபப்படுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவள் படவில்லை. “இதை ஆபீஸ்ல வந்து சொல்வீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆபீஸ் என்பது மின்விசிறி ஓடும் ஒரு சின்ன அறை. சுவரோரம் காணாமல்போன தொப்பிகளும் ஒற்றைச் செருப்புகளும் பெட்டியில் கிடந்தன. மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். “நீங்க சொன்னதாலதான சார் கடையை மூடினேன். இப்ப நீங்களே இல்லைன்னா நான் மேல என்ன பதில் சொல்றது? காரணத்தை எழுதிக் குடுங்க. உங்க கார்டையும் அதோட சேர்த்து வச்சுடறேன்.”

அவர் பேனாவை எடுத்தார். ‘கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்தார். பூசி மெழுகுவதில் ஐந்து மாதப் பயிற்சி. எதிரே அந்தப் பெண் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை அடித்தார். ‘காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ருசியும் வாசனையும் தெரிவதில்லை. அதை மறைத்து இந்த டீயைப் பொடி என்று தவறாகச் சொன்னேன். இது இலை போட்டுத் தயாரித்ததுதான். இலையை நானே பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தினமும் கம்பெனித் தாள்களில் போடும் அதே கையெழுத்து. மேற்பார்வையாளர் கார்டைத் தாளோடு சேர்த்து ஊசி குத்தினார். கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது கதை. போடுவாரா மாட்டாரா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்தால் வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஆளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறாள். திறந்திருந்த கதவு வழியாக எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மகளைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று அவர் ஆரம்பித்தார்.

“நாலு மாசமா நான் பூண்டு போட்டுத்தாங்க சமைக்கறேன்” என்றாள் அவள்.

அவர் நின்றுவிட்டார்.

“முதல்ல ஒரு பல்லுதான் போட்டேன், கண்டுபிடிக்கறீங்களான்னு பார்க்க. நல்லா இருக்குன்னீங்க. அப்புறம் ரெண்டு, நாலு. ஒரு நாள் முழுப் பூண்டையே உரிச்சுப் போட்டேன். அதையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க. சரி, நீங்களா சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்படின்னா அங்க, நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுதான் கீழ ஊத்தினியா?”

“அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவருக்கு அதற்கு மேல் தலை நிமிரவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் பட்ட வெட்கம் ஒன்று, இது வேறு. மூன்று நாளாகத் தேடியது கையில் கிடைத்து, அதை இவருக்காக அவள் மண்ணில் கொட்டியிருக்கிறாள். இருபது வருடமாக எதையெல்லாம் இப்படிக் கொட்டினாளோ, இவர் கேட்டதில்லை.

கடைக்குத் திரும்பியபோது அந்தப் பெண் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ஜாடிகள் காலியாகக் கவிழ்ந்திருந்தன. மனைவி ஒரு கிளாஸ் கேட்டாள்.

“எல்லாத்தையும் கொட்டச் சொல்லிட்டாங்களேம்மா. இனி ஊறப் போட்டா நாளைக்குத்தான்” என்றாள் அந்தப் பெண்.

“நாளைக்கு விடிகாலையில எங்களுக்கு பஸ்.”

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தாள். மேசைக்கு அடியிலிருந்த தன் சாப்பாட்டுப் பையிலிருந்து, மத்தியானம் குடிக்கத் தனக்கென்று வைத்திருந்த சின்ன பாட்டிலை எடுத்தாள். அதிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, ஐஸ் போட்டு நீட்டினாள்.

மனைவி மரத்தடியில் நின்று மெதுவாகக் குடித்தாள். அவர் பக்கத்தில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். முப்பத்தோரு வருடமாக எல்லோரும் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

அவள் கிளாஸில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள். “முதல்லயும் நல்லாத்தான் இருந்துச்சு.”